நாள் முழுவதும் நைட்டியிலேயே இருப்பதால் மனம் சோர்கிறதா, மனம் சோர்ந்ததால் நைட்டியிலேயே இருக்கிறேனா?

கேள்வி எழுதியவர்: காவிரிக்கரை

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 38. திருச்சியில் வசிக்கிறேன். மெடிக்கல் கோடிங் வேலையில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு அறிவித்தபோது அலுவலகத்தில் கணினியைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்கள் பிரிவுக்கு மட்டும் அந்த ஏற்பாடு நிரந்தரமாகிவிட்டதால், படுக்கையறை ஜன்னலோரம் போட்ட மேசையே இன்றுவரை எனக்கு அலுவலகம்.

முன்பெல்லாம் ஞாயிறு இரவு உட்கார்ந்து ஐந்து நாள்களுக்கும் சேர்த்து உடைகளை இஸ்திரி போட்டு வைப்பேன். நான்கு சுடிதார், வெள்ளிக்கிழமைக்கு ஒரு புடவை. காலை 7.10 பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் புடவை மடிப்பைப் பல்லில் ஊக்கைக் கடித்துக்கொண்டு சரி செய்த நாள்களை அப்போது நொந்துகொண்டே கடந்தேன். இப்போது அந்தத் தொல்லைகள் ஒன்றும் இல்லை. எழுந்ததும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, இரவு உடுத்திய நைட்டியோடு வேலையில் உட்காருகிறேன். பதினொரு மணிக்கோ பன்னிரண்டு மணிக்கோ குளித்துவிட்டு இன்னொரு நைட்டிக்கு மாறுகிறேன். வாசலில் யாராவது மணி அடித்தால் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் துப்பட்டாவை மேலே போட்டுக்கொண்டு போகிறேன். செவ்வாய்க்கிழமை காணொளிக் கூட்டம் என்றால் நைட்டிக்கு மேலேயே ஒரு குர்தியை மாட்டிக்கொண்டு, கூட்டம் முடிந்த மறுநிமிடம் கழற்றிவிடுகிறேன்.

கடந்த ஓராண்டாக எதிலும் பிடிப்பு இல்லை. வேலை நடக்கிறது, சமையல் நடக்கிறது, ஆனால் மாலை ஐந்து மணிக்கு இன்று என்ன செய்தோம் என்று யோசித்தால் ஒன்றும் நினைவில் நிற்பதில்லை. வெளியே ஒரு விசேஷத்துக்குப் போக வேண்டும் என்றால் பீரோவைத் திறந்து ஐந்து நிமிடம் நின்றுவிட்டு, தலைவலி என்று காரணம் சொல்லி மூடிவிடுகிறேன். கணவர் புதுத் துணி வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். போன தீபாவளிக்கு வாங்கிய புடவை விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல் கிடக்கிறது. மாமியார் தம் பங்குக்கு, கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள் என்கிறார்.

உடை உண்மையிலேயே மனநிலையை மாற்றுமா, அதற்கு ஆய்வு ஏதேனும் உண்டா என்று அறிய விரும்புகிறேன். "நன்றாக உடுத்திக்கொள், எல்லாம் சரியாகிவிடும்" என்ற அறிவுரையை மட்டும் தயவுசெய்து தவிர்க்கவும். அதை வீட்டிலேயே போதுமான அளவு கேட்டுவிட்டேன்.

பதில்: கரும்பலகை

வணக்கம். கல்லூரியில் உளவியல் கற்பிக்கிறேன். தலைப்பில் உள்ள கேள்விக்கு "இரண்டும்தான்" என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அது உங்களுக்குப் பயன்படாது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

இந்தப் பேச்சு எங்கே எழுந்தாலும் முதலில் காட்டப்படுவது, ஹாயோ ஆடம், ஆடம் கலின்ஸ்கி ஆகிய இரு ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட கட்டுரை. வெள்ளை மேலங்கி அணிந்துகொண்டு கவனச் சோதனை செய்தவர்கள், அணியாதவர்களைவிடக் குறைவாகத் தவறு செய்தார்கள் என்பது அதன் முதல் முடிவு. அடுத்ததாக, ஒரே அங்கியைச் சிலரிடம் மருத்துவர் அங்கி என்றும் சிலரிடம் ஓவியர் அங்கி என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். மருத்துவர் அங்கி என்று நம்பி அணிந்தவர்களுக்குத்தான் கவனம் கூடியது. அதாவது, துணி ஒன்றுதான் என்றாலும் அணிந்தவர் அதற்குக் கொடுத்த பொருள் வேறாக இருந்ததால் விளைவும் வேறானது என்பது அவர்கள் வாதம்.

இத்தோடு நிறுத்திக்கொண்டு "அறிவியலே நிரூபித்துவிட்டது" என்று எழுதுபவர்கள் அதிகம். அதற்குப் பின்னால் நடந்ததையும் சொல்வதுதான் முறை. 2019-இல் வேறொரு குழுவினர், எப்படிச் செய்யப் போகிறோம் என்பதை முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு, அந்த முதல் சோதனையை மீண்டும் செய்து பார்த்தார்கள். அங்கி அணிந்தவர்களுக்கும் அணியாதவர்களுக்கும் இடையே முன்பு சொல்லப்பட்ட வேறுபாடு கிடைக்கவில்லை. 2023-இல் முதல் கட்டுரையின் ஆசிரியர்கள் இருவரும் பங்கேற்ற ஒரு தொகுப்பாய்வு, அதாவது பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து எடைபோடும் ஆய்வு, வந்தது. இந்தத் துறையில் 2015-க்குப் பின் வெளியான ஆய்வுகள் ஓரளவு நம்பத்தக்கவையாக நிற்கின்றன என்று அது சொன்னது. என் மாணவர்களிடம் நான் சொல்வது இதுதான்: விளைவு ஒன்று இருக்கிறது என்றே தோன்றுகிறது, ஆனால் அது செய்தித்தாள்கள் எழுதும் அளவுக்குப் பெரியது என்று எண்ண வேண்டாம். மேலும், அங்கிச் சோதனை அளந்தது கவனத்தைத்தான். உங்களை வாட்டும் மனச்சோர்வை அது அளக்கவே இல்லை.

உங்கள் நிலைமைக்கு இதைவிட நெருக்கமானது 1998-இல் பார்பரா ஃபிரெட்ரிக்சனும் பிறரும் செய்த ஒரு சோதனை என்பது என் எண்ணம். மாணவ மாணவியரைத் தனித்தனியே ஓர் உடைமாற்றும் அறைக்குள் அனுப்பி, சிலருக்கு நீச்சலுடையும் சிலருக்குக் கம்பளி மேல்சட்டையும் கொடுத்து, கண்ணாடியில் பார்க்கச் சொல்லி, அதே உடையில் கணக்குப் போட வைத்தார்கள். அறையில் வேறு யாரும் இல்லை. இருந்தும் நீச்சலுடை அணிந்த பெண்கள் கணக்கில் பின்தங்கினார்கள். ஆண்களிடம் அந்தச் சரிவு இல்லை. அறிவின் ஒரு பங்கு தன் உடலையே அயலார் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பதில் செலவாகிவிட்டது என்று இதற்கு விளக்கம் தருகிறார்கள். பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது துப்பட்டா நழுவுகிறதா, முதுகில் ரவிக்கை ஏறிவிட்டதா என்பதிலேயே பாதிப் பயணத்தைக் கழித்த எந்தப் பெண்ணுக்கும் இந்த விளக்கம் புதிதாக இருக்காது.

ஆய்வைத் தாண்டி என் சொந்தக் கருத்து ஒன்று உண்டு. உங்களுக்கு முன்பு இருந்த சுடிதாரும் பேருந்தும் வேலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதற்கு எல்லைக்கற்களாக இருந்தன. இப்போது தூங்கிய உடையிலேயே உழைத்து, உழைத்த உடையிலேயே தூங்குவதால் நாளுக்குள் தடுப்புகளே இல்லை. மாலை ஐந்து மணிக்கு ஒன்றும் நினைவில் நிற்பதில்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது இதுதான்.

பதில்: எளிமை

படித்தவர்கள் எளிய விஷயத்தைச் சிக்கலாக்குகிறார்கள். மனம் திடமாக இருந்தால் எதை உடுத்தினால் என்ன? 1921-இல் மதுரையில் காந்தி மேலாடையைத் துறந்து அரைவேட்டிக்கு மாறினார். அதனால் அவருடைய மனஉறுதி குறைந்தா போனது? வீட்டில் இருக்கும் பெண் நைட்டி அணிவதை ஒரு நோயாக்க வேண்டாம்.

பதில்: முன்னாள் நடத்துநர்

அம்மா, நான் அரசுப் பேருந்தில் 31 ஆண்டுகள் நடத்துநராக வேலை பார்த்து 2022-இல் ஓய்வு பெற்றவன். ஆய்வு எதுவும் எனக்குத் தெரியாது. காக்கிச் சட்டையைப் பற்றி மட்டும் கொஞ்சம் தெரியும்.

சில்லறைத் தகராறு இல்லாத ஒரு நடைகூட எனக்கு நினைவில்லை. ஐந்து ரூபாய் பாக்கிக்காக, என் மகன் வயதுள்ளவன் என் தாயைச் சேர்த்துத் திட்டியிருக்கிறான். அப்போதெல்லாம் எனக்குக் கோபம் வந்தாலும் அது உள்ளே இறங்காது. திட்டுகிறவன் காக்கியைத்தான் திட்டுகிறான், உள்ளே இருக்கும் மனிதனை அவனுக்குத் தெரியவே தெரியாது என்று எனக்குள் ஒரு கணக்கு இருந்தது. வீட்டுக்கு வந்ததும் காக்கியோடு கட்டிலில் உட்கார என் மனைவி விடமாட்டாள். கொல்லைப்புறத்தில் குழாயடியிலேயே கழற்றி வாளியில் ஊறப்போட்டுவிட்டுக் கைலிக்கு மாறித்தான் உள்ளே வர வேண்டும். அழுக்குக்காகத்தான் அவள் அப்படிச் சொன்னாள். ஆனால் அன்றைய வசவுகளும் அந்த வாளியோடு போய்விட்டன என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குப் புரிந்தது.

ஓய்வு பெற்ற மறுநாள் வழக்கம்போல மூன்றரை மணிக்கு விழிப்பு வந்துவிட்டது. உடுத்திக்கொண்டு போக ஓர் இடமில்லை. கைலியும் பனியனுமாக வாசல் திண்ணையில் உட்கார்ந்தேன். முதல் மாதம் அது சுகமாகத்தான் இருந்தது. மூன்றாவது மாதத்தில் முகச்சவரம் நின்றது. எனக்குப் பழக்கமானவர்கள் தெருவில் வந்தால் உள்ளே எழுந்து போய்விடுவேன்; நடத்துநராகப் பார்த்தவர்கள் கைலியில் பார்க்க வேண்டாம் என்று ஒரு கூச்சம். மருமகள் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைக்கச் சொன்னால்கூட முன்பு யார் திட்டியும் வராத கோபம் வந்தது. காக்கி இல்லாததால் வசவு நேரே என்மேல் விழுகிறது என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன், ஆனால் அது சிரிப்பில்லை.

இப்போது காலை எட்டு மணிக்கு வெள்ளை வேட்டியும் சட்டையும் உடுத்தி, சட்டைப்பையில் பேனா வைத்துக்கொண்டு கிளை நூலகத்துக்குப் போகிறேன். பதினொன்றுக்குத் திரும்பி வந்ததும் அந்த வேட்டியை உதறிக் கொடியில் போட்டுவிட்டுக் கைலிக்கு மாறுகிறேன். நூலகத்தில் நான் பெரிதாக ஒன்றும் படித்துவிடவில்லை, செய்தித்தாளோடு சரி. ஆனால் பதினொரு மணிக்குக் கைலி கட்டும்போது பணி முடிந்து வந்தவன் போல இருக்கிறது. ஒரே கைலிதான், நாள் முழுவதும் கட்டியிருந்தபோது அது எனக்கு அந்தச் சுகத்தைத் தரவில்லை.

பதில்: கரும்பலகை

"எளிமை" அவர்களுக்கு ஒரு குறிப்பு. மதுரையில் 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி எடுத்த முடிவை நீங்கள் நினைவூட்டியது நல்லதுதான், ஆனால் அது உங்கள் கருத்துக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. உடை ஒரு பொருட்டே இல்லை என்று கருதியவர், ஏழை உழவரின் உடைக்கு மாறுவதை ஓர் அறிவிப்போடு செய்திருக்க வேண்டியதில்லை. அவர் அதைத் தாமே தேர்ந்துகொண்டார் என்பது முக்கியம்.

அதே மதுரையிலிருந்து தெற்கே போனால், இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அடங்கிய பழைய திருவிதாங்கூரில், நாடார் சமூகப் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் அடிபட்டுப் போராட வேண்டியிருந்தது. தோள்சீலைப் போராட்டம் என்று நாம் சொல்வது அதைத்தான். 1859 ஜூலை 26 அன்று அரசர் மேலாடைக்கு அனுமதி அளித்தபோதும், உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் பாணியில் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அளித்தார். உடல் மறைந்தால் போதும் என்ற விஷயமாக இருந்திருந்தால் அந்த நிபந்தனைக்கு என்ன தேவை இருந்தது? தாமாகத் துறந்த மேலாடை ஒருவருக்குப் பெருமையாகவும், பிறர் மறுத்த மேலாடை இன்னொருவருக்கு ஆறாத அவமானமாகவும் இருந்திருக்கின்றன. நைட்டி அணிவது நோய் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. கேள்வி கேட்டவர் அதை விரும்பி அணிகிறாரா, வேறு வழியில்லாமல் அணிகிறாரா என்பதுதான் எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.

பதில்: ஊசியும் நூலும்

வணக்கம் சகோதரி. நான் திண்டுக்கல்லில் 24 ஆண்டுகளாகப் பெண்களுக்குத் தைத்துக் கொடுக்கிறேன். ஐயா கடைசியில் எழுப்பிய கேள்விக்கு என்னிடம் ஓர் ஊகம் இருக்கிறது. தவறாக இருந்தால் மன்னிக்கவும்.

பீரோவைத் திறந்து ஐந்து நிமிடம் நின்றுவிட்டு மூடுகிறேன், புதுப் புடவை விலைச்சீட்டோடு கிடக்கிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குப் பளிச்சென்று தோன்றியது. அந்தப் புடவைக்கு நீங்கள் இன்னும் ஜாக்கெட் தைக்கவில்லை. 2020-க்கு முன்னால் தைத்த ஜாக்கெட்டுகளுக்கு இப்போது கொக்கி எட்டவில்லை. அளவு ஜாக்கெட் என்று கொண்டுபோய்க் கொடுக்க உங்களிடம் ஒன்றும் இல்லை, புதிதாக நாடா வைத்து அளவெடுக்கக் கூச்சமாக இருக்கிறது. சரிதானே? என் கடைக்கு வருகிறவர்களில் எத்தனையோ பேர் இப்படித்தான். அளவெடுக்கும்போது எண்ணைச் சத்தமாகச் சொல்லாதீர்கள் என்று காதோடு கேட்டுக்கொள்பவர்கள் உண்டு. நான் இப்போதெல்லாம் யாரிடமும் எண்ணைச் சொல்வதில்லை, நோட்டில் எழுதி மூடிவிடுகிறேன்.

நைட்டிக்கு அளவு கிடையாது. அதனால்தான் அது யாரையும் குறை சொல்வதில்லை. மற்ற உடைகள் எல்லாம் ஒவ்வொரு நாளும் உங்களைப் பார்த்து "நீ முன்பு போல் இல்லை" என்று சொல்லும்போது, சொல்லாத ஒன்றைத் தேடிப் போவது இயற்கை. கணவர் புதுத் துணி வாங்கச் சொல்வதும் அன்பினால்தான், ஆனால் உங்களுக்கு இப்போது வேண்டியது துணி இல்லை, ஜாக்கெட்டில் இரண்டு அங்குலம்.

அந்த இரண்டு அங்குலம் பெரும்பாலும் உங்கள் பீரோவிலேயே இருக்கும். தெரிந்த தையற்காரர் தைத்த ஜாக்கெட்டைப் புரட்டி, அக்குளிலிருந்து இடுப்புவரை இறங்கும் பக்கத் தையலைப் பாருங்கள். உள்ளே ஒவ்வொரு பக்கமும் ஓர் அங்குலமாவது துணி விட்டுத் தைத்திருப்போம். சிலவற்றில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மூன்று தையல் ஓடியிருக்கும். உள்பக்கத்துத் தையலைப் பிரித்துவிட்டால் போதும், அடுத்தது தயாராக இருக்கிறது. ரெடிமேடில் இந்த வசதி குறைவு. கையைத் தூக்கும்போது அக்குளில் வெட்டினால் கைக்குழியும் போதவில்லை என்று பொருள். பெண்கள் பொதுவாக மார்பு அளவைத்தான் குற்றம் சொல்வார்கள், ஆனால் நாள் முழுவதும் எரிச்சல் கொடுப்பது பல நேரம் கைக்குழிதான். கொடியில் துணி காயப்போடுவது போல இரண்டு கைகளையும் தூக்கிப் பாருங்கள், தெரிந்துவிடும். பாவாடை நாடாவையும் சற்று அகலமான பட்டையாக மாற்றிக்கொண்டால் இடுப்பில் தடம் விழாது.

நைட்டியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். என் அண்ணன் கோவையில் நூற்பாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தவர். நடுத்தர ஈரப்பதமுள்ள காற்றில் நூறு கிலோ பருத்தி எட்டரை கிலோ அளவுக்கு ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், பாலியெஸ்டர் அரைக் கிலோகூட வாங்காது என்பார். நீங்கள் அணிவது வழவழப்பான, கசங்காத துணி என்றால் திருச்சி வெயிலில் வியர்வை உடம்போடுதான் நிற்கும். பிள்ளைகள்மேல் எரிந்து விழுவதற்கு அந்தக் கசகசப்பே போதும். நைட்டியே அணிந்தாலும் பருத்தியாக அணியுங்கள்.

பதில்: இரவுப்பணி

சகோதரி, நான் மனநலப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். மேலே எழுதியவர்கள் சொன்னதை நான் மறுக்கவில்லை, ஆனால் வேறு சிலவற்றையும் பார்த்துவிட்டு உடைக்கு வரலாம் என்று நினைக்கிறேன்.

எங்களிடம் வரும் ஒருவருடைய மனநிலையை மருத்துவர் குறித்துவைக்கும் படிவத்தில் முதல் தலைப்பே தோற்றமும் நடத்தையும்தான். குளித்திருக்கிறாரா, தலை வாரியிருக்கிறாரா, உடை காலநிலைக்குப் பொருத்தமாக இருக்கிறதா என்று பார்த்து எழுதுவார்கள். நன்றாக உடுத்தியவர் நலமானவர் என்று அதற்குப் பொருள் இல்லை. முன்பு தவறாமல் செய்த ஒன்றை ஒருவர் செய்ய முடியாமல் போயிருக்கிறாரா என்பதைத்தான் கவனிக்கிறோம். ஆகவே உங்களிடம் கேட்க வேண்டியவை: தூக்கம் எப்படி இருக்கிறது? பசி, எடை மாறியிருக்கின்றனவா? முன்பு பிடித்தவை இப்போதும் பிடிக்கின்றனவா? இந்தச் சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் அநேகமாகத் தினமும் இருக்கிறது என்றால், அது உடை விவகாரமாக மட்டும் இருக்க வாய்ப்பில்லை. எடை கூடியிருந்தால், தைராய்டுக்கான டிஎஸ்எச் பரிசோதனையும் ரத்தசோகைக்கான பரிசோதனையும் செய்துவிடுங்கள். தைராய்டு சுரப்புக் குறைவில் எடை கூடுவதும், உடல் அசதியும், மனம் மந்தமாவதும் சேர்ந்தே வரும். பெண்களுக்கு அது அதிகம். யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றினால் 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எப்போதாவது தலைகாட்டினால் நாளை பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

இனி உடை. மனச்சோர்வுக்கான சிகிச்சைகளில், ஊக்கம் வரட்டும் என்று காத்திருக்காமல் சிறு செயலை முதலில் செய்யவைத்து, மனம் பின்னால் வரட்டும் என்று விடும் முறை ஒன்று உண்டு. அந்த முறை மட்டுமேகூட, எண்ணங்களை ஆராயும் முழுச் சிகிச்சைக்குக் குறையாத பலன் தருகிறது என்று 1996-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. எங்கள் பிரிவில் அந்தச் சிறு செயல் அநேகமாகக் குளித்து உடை மாற்றுவதாகத்தான் இருக்கும். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சோர்ந்த மனத்துக்கு உடுத்துவதைவிட எதை உடுத்துவது என்று முடிவு செய்வது கடினம். அதனால் முந்தைய நாள் மாலையே ஒரு செட்டை எடுத்து நாற்காலியில் போட்டுவிடச் சொல்வோம். காலையில் யோசனைக்கு இடம் இருக்காது.

பேராசிரியர் ஐயா சொன்ன "தாமே தேர்ந்தது" என்ற விஷயம் மனநல மருத்துவமனைகளுக்கு மிகவும் பொருந்தும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 20-ஆம் பிரிவில், உள்நோயாளி விரும்பினால் தம் சொந்த உடையை அணியலாம், சீருடை அணியக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. கட்டாய மொட்டையும் கூடாது என்கிறது. ஒரு நோயாளிப் பெண்மணி வீட்டிலிருந்து வந்த தம் பழைய சுங்குடிப் புடவையை வாங்கியதும் உடுத்தவில்லை; முதலில் முகர்ந்து பார்த்தார், பிறகு எங்களிடம் ஊக்கு இருக்கிறதா என்று கேட்டார். நான்கு நாள்களில் அவர் தாமாகக் கேட்ட முதல் பொருள் அதுதான்.

கேள்வி எழுதியவர்: காவிரிக்கரை

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. ஏறத்தாழ ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன்.

தையற்கடை அக்கா எழுதியதைப் படித்தபோது முதலில் கோபம்தான் வந்தது, ஏனென்றால் அது உண்மை. எடை கூடியதை நான் கேள்வியில் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. ஒரு சனிக்கிழமை மதியம் வீட்டில் யாரும் இல்லாதபோது பதினான்கு ஜாக்கெட்டுகளையும் வெளியே எடுத்தேன். நான்காவதைப் போட்டுப் பார்த்துவிட்டு அழுதுவிட்டேன். மீதியை மறுநாள்தான் தொட்டேன். ஒன்பது சேரவில்லை. அந்த ஒன்பதில் ஆறில் உள்ளே துணி இருந்தது. எங்கள் தெருமுனைத் தையற்காரர் இரண்டு நாளில் பிரித்துக் கொடுத்துவிட்டார். சுடிதார்களில் நான்கை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டேன். அவை பீரோவில் இருந்தவரை, என்றாவது இளைப்பேன் என்று வைத்திருந்தேன்.

செவிலியர் சகோதரி சொன்னபடி ரத்தப் பரிசோதனை செய்தேன். டிஎஸ்எச் அதிகமாக இருந்ததால், அதாவது தைராய்டு சுரப்புக் குறைவு என்பதால், மருத்துவர் மாத்திரை தொடங்கியிருக்கிறார். அதை வெறும் வயிற்றில் போட்டுவிட்டு அரை மணி நேரத்துக்குக் காபிகூடக் குடிக்கக் கூடாது. காபி இல்லாமல் என்ன செய்வது என்று தெரியாமல் அந்த அரை மணியில் குளித்துவிடுகிறேன், குளித்தால் நாற்காலியில் இருப்பதை உடுத்திவிடுகிறேன். ஒன்பது மணிக்குக் கணினியைத் திறக்கும்போது நான் உடுத்தி முடித்தவளாக இருக்கிறேன். முன்னைவிட மனம் இலேசாக இருக்கிறது. அது மாத்திரையாலா, சுடிதாராலா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை, பேராசிரியர் ஐயா மன்னிக்க வேண்டும். மாலை ஆறு மணிக்குமேல் நைட்டிதான், ஞாயிற்றுக்கிழமை முழுக்க நைட்டிதான், இப்போது பருத்தியில். நடத்துநர் ஐயா கைலியைப் பற்றி எழுதியது ஆறு மணி ஆனால் நினைவுக்கு வருகிறது.

அக்காவிடம் ஒரு சந்தேகம். அடுத்த மாதம் நாத்தனார் மகள் வளைகாப்பு. அதற்குக் கட்ட எடுத்து வைத்திருக்கும் பட்டுப்புடவையின் ஜாக்கெட்டைப் பிரித்தபோது, பழைய தையல் போன இடத்தில் வரிசையாக ஊசித் துளைகள் தெரிகின்றன. அந்த இடம் மட்டும் நிறமும் சற்று அடர்த்தியாக இருக்கிறது. இதைப் போக்க வழி இருக்கிறதா?

பதில்: ஊசியும் நூலும்

மகிழ்ச்சி சகோதரி. பருத்தி என்றால் இலேசாக நீர் தெளித்து, நகத்தால் துளைகளின் மேல் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்து, உள்பக்கமாக இஸ்திரி போட்டால் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். பட்டில் முழுவதும் போகாது. தண்ணீர் தெளிக்கவும் வேண்டாம், கறை நிற்கும். உலர்ந்த மெல்லிய துணியை மேலே விரித்து, குறைந்த சூட்டில் உள்பக்கம் ஒருமுறை ஓட்டுங்கள், அது போதும். அடர்ந்த நிறம்தான் உண்மையான நிறம். மற்ற இடம் வெளிச்சம் பட்டு வெளுத்திருக்கிறது. எப்படியும் அந்தத் தடம் கைக்கு அடியில்தான் விழும், கையைத் தூக்கி வளையல் போடும்போது முந்தானை மேலே வந்துவிடும். விலைச்சீட்டோடு கிடக்கும் புடவையின் ஜாக்கெட் துணியை வெட்டாமல் வைத்திருந்தால், இப்போது பிரித்த ஆறில் உங்களுக்கு மிகவும் வசதியாக இருப்பதை அளவுக்குக் கொடுங்கள்.